மைஎஸ்கியூஎல் பேக்கப்பைத் திரும்ப ஏற்ற ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது?

பத்து நிமிடத்தில் எடுத்த பேக்கப்பைத் திரும்ப ஏற்றப் பத்து மணி நேரம் ஆனால், சர்வரில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் கோளாறு எதுவும் இருக்காது. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸுக்குப் பேக்கப் எடுக்கும் கருவியான மைஎஸ்கியூஎல்டம்ப் தரும் கோப்பில் இருப்பவை, தரவை அடித்தளத்திலிருந்து மறுபடி கட்டுவதற்கான கட்டளைகள். எடுக்கும்போது ஒவ்வொரு அட்டவணையையும் முதன்மைச் சாவியின் (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் மதிப்பு) வரிசையில் ஒருமுறை வாசித்து எழுத்தாக வெளியே தள்ளினால் போதும். ஏற்றும்போது அதே சர்வர் ஒவ்வொரு இன்சர்ட் கட்டளையையும் அலசிப் பொருள்கொள்ள வேண்டும். பதிவை முதன்மைச் சாவியின் மரத்திலும், பிறகு ஒவ்வொரு துணை இண்டெக்ஸிலும் (பிற மதிப்புகளைக் கொண்டு தேட உதவும் வரிசைப் பட்டியல்) செருக வேண்டும். சர்வர் விழுந்தால் மீட்க உதவும் ரீடூ லாகில் எழுத வேண்டும். மாற்றங்களை வரிசையாகப் பதியும் பைனரி லாகில் எழுத வேண்டும். கடைசியில் அந்தப் பதிவு உள்ள பக்கத்தை (சர்வர் தரவைக் கையாளும் 16 கேபி துண்டு) வட்டில் இரண்டு முறை எழுத வேண்டும். இத்தனையும் ஒரே இணைப்பில், ஒரே த்ரெட்டில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, நடக்கின்றன.

ஏழெட்டு செட்டிங்குகளை வரிசையாகப் போட்டு ‘இவற்றை மாற்றுங்கள், வேகம் வரும்’ என்று சொல்லும் குறிப்புகள் ஏராளம். அவற்றை அப்படியே ஒட்டிப் பார்த்தும் சிலருக்கு ஒரு நிமிடம்கூடக் குறைவதில்லை. மெதுவாவதற்கு ஐந்தாறு தனித்தனிக் காரணங்கள் உண்டு, ஒன்றுக்கான மருந்து மற்றொன்றைத் தொடாது என்பதே இதற்குக் காரணம். எந்த விதமாக மெதுவாகிறது என்பதை முதலில் கவனித்தால், எங்கே கை வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இங்கே பேசுவது மைஎஸ்கியூஎல்லின் இயல்பான சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியின் அட்டவணைகளைப் பற்றி, பெரும்பாலும் மைஎஸ்கியூஎல் 8.0, 8.4 பதிப்புகளை வைத்து. மைஎஸ்கியூஎல்லிலிருந்து பிரிந்து வளர்ந்த மரியாடிபி வேறுபடும் இடங்களில் அதைத் தனியே சொல்லியிருக்கிறோம். செட்டிங் பெயர்களில் அடிக்கோடு வரும் இடங்களில் இங்கும் அடிக்கோடு இட்டிருக்கிறோம்.

மெதுவாகும் விதத்தைப் படிப்பது

கோப்பை நேரடியாகக் கிளையன்டுக்குள் திருப்பாமல், பிவி என்ற சிறு கருவி வழியாக அனுப்புங்கள். ஜிசிப் கோப்பாக இருந்தால் பிவி முதலில், விரிக்கும் கட்டளை அடுத்து, மைஎஸ்கியூஎல் கிளையன்ட் கடைசியில் என்ற வரிசையில் குழாய் போட வேண்டும். அப்போதுதான் பிவிக்குக் கோப்பின் மொத்த அளவு தெரியும். எத்தனை விழுக்காடு முடிந்தது, இந்த நொடியில் என்ன வேகம் என்று இரண்டையும் காட்டும். பக்கத்து ஜன்னலில் வட்டின் வேலையைக் காட்டும் ஐஓஸ்டாட், சிபியுவின் வேலையைக் காட்டும் டாப் இரண்டும் ஓடட்டும்.

முதல் நிமிடத்திலிருந்தே சீராக, ஒரே அளவில் மெதுவாக இருந்தால் காரணம் கமிட்டிலோ (மாற்றத்தை நிலையாக உறுதிசெய்யும் படி) நெட்வொர்க் தாமதத்திலோ இருக்கும். தொடக்கத்தில் விறுவிறுவென்று ஓடி, கோப்பு நகர நகர வேகம் படிப்படியாகத் தேய்ந்தால் துணை இண்டெக்ஸ்கள் ரேமில் அடங்காமல் போகின்றன. பாய்ச்சலாக ஓடி, சில நொடி உறைந்து, மறுபடி பாய்ந்தால் ரீடூ லாக் சிறியது. வட்டு சும்மா கிடக்க, சிபியுவின் ஒரே ஒரு கோர் மட்டும் 100 விழுக்காட்டில் நின்றால், ஒற்றை த்ரெட்டின் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள். எதுவுமே நகரவில்லை என்றால் ஷோ பிராசஸ்லிஸ்ட் கொடுத்துப் பாருங்கள். ‘வெயிட்டிங் ஃபார் டேபிள் மெட்டாடேட்டா லாக்’ என்று இருந்தால், அந்த அட்டவணையை வேறொரு இணைப்பு பிடித்து வைத்திருக்கிறது. பெரும்பாலும் கமிட் செய்து மூடாமல் விட்ட ஒரு டிரான்சாக்‌ஷன்.

அமேசானின் மேகச் சர்வர்களில் இன்னொரு வடிவமும் உண்டு: ஏறக்குறைய அரை மணி நேரம் நன்றாக ஓடும், பிறகு சட்டென்று விழும். ஜிபி2 (gp2) என்ற வகை வட்டுக்கு, ஒரு ஜிகாபைட் அளவுக்கு நொடிக்கு 3 வாசிப்பு-எழுத்துச் செயல்பாடுகள் என்பதே அடிப்படை வேகம். 100 ஜிபி வட்டுக்கு 300. சேமித்து வைத்த கிரெடிட் இருக்கும்வரை 3,000 வரை போகும். நிறைந்த கிரெடிட் 54 லட்சம். முழு வேகத்தில் அது 33 நிமிடத்தில் தீரும். டேட்டாபேஸ் செட்டிங்கை எவ்வளவு மாற்றினாலும் இது சரியாகாது. அளவு எதுவானாலும் 3,000-ஐ அடிப்படையாகத் தரும் ஜிபி3 (gp3) வகை வட்டுக்கு மாறுவதே வழி.

ஒவ்வொரு கமிட்டுக்கும் ஒரு விலை

இன்னோடிபி இயல்பாகவே ஒவ்வொரு கமிட்டின்போதும் ரீடூ லாகை வட்டில் உறுதியாக எழுதி முடித்த பிறகுதான் ‘ஆயிற்று’ என்கிறது. இன்னோடிபி_ஃப்ளஷ்_லாக்_அட்_டிஆர்எக்ஸ்_கமிட் என்ற செட்டிங் 1 என்று இருப்பதன் பொருள் இது. கட்டளைதோறும் தானே கமிட் செய்யும் ஆட்டோகமிட் இயங்கும்போது ஒவ்வொரு இன்சர்ட் கட்டளையும் தனித்த டிரான்சாக்‌ஷன். ஆகவே கேள்வி, உங்கள் கோப்பில் எத்தனை இன்சர்ட் கட்டளைகள் என்பதுதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டு நொடிக்கு 120 சுற்று சுற்றும். இத்தகைய உறுதி எழுத்துகளை நொடிக்கு நூறை ஒட்டித்தான் அதனால் தர முடியும். ஒரு கோடிப் பதிவுகள், பதிவுக்கு ஓர் இன்சர்ட் என்றால் ஒரு லட்சம் நொடி, அதாவது 27 மணி நேரத்துக்கு மேல். மைஎஸ்கியூஎல்டம்ப் இயல்பாகவே பல பதிவுகளைச் சேர்த்து ஏறக்குறைய 1 எம்பி அளவுள்ள ஒரே இன்சர்ட்டாக எழுதும். பதிவுக்கு 100 பைட் என்று வைத்தால் ஒரு கட்டளையில் பத்தாயிரம் பதிவுகள், மொத்தம் ஆயிரம் கட்டளைகள், உறுதி எழுத்துக்குப் பத்தே நொடி. ‘ஒப்பிட்டுப் பார்க்க வசதி’ என்று ஸ்கிப்-எக்ஸ்டெண்டெட்-இன்சர்ட் விருப்பத்தோடு எடுத்த பேக்கப்புகள் ஏற மறுப்பதன் காரணம் இந்த வித்தியாசம்.

நெட்வொர்க்கிலும் இதே கணக்குதான். சர்வர் 20 மில்லிநொடித் தொலைவில் இருந்தால், பத்து லட்சம் தனி இன்சர்ட்டுகளுக்குப் போய்வரும் நேரமே ஐந்தரை மணி ஆகிவிடும். கோப்பைச் சுருக்கிச் சர்வருக்கே அனுப்பி, அங்கிருந்து ஏற்றுவது எப்போதும் நல்லது.

பேக்கப்பை மறுபடி எடுக்க முடிந்தால் எடுத்துவிடுங்கள். முடியாதபோது, கோப்பின் தொடக்கத்தில் ஆட்டோகமிட்டை 0 ஆக்கி, சில ஆயிரம் வரிகளுக்கு ஒரு கமிட் வரியை ஆக் (awk) என்ற லினக்ஸ் கருவியால் செருகலாம். முழுக் கோப்பையும் ஒரே டிரான்சாக்‌ஷனாக ஆக்கிவிடாதீர்கள். பாதியில் இணைப்பு அறுந்தால், அதுவரை ஏறிய அத்தனையையும் இன்னோடிபி ஒவ்வொன்றாகத் திருப்பி எடுக்கும். அந்த ரோல்பேக், ஏற்றுவதற்கு ஆன நேரத்தைவிடக் கூடுதலாகவும் இழுக்கலாம்.

ஏற்றும் நேரத்தில் மட்டும் மேற்சொன்ன செட்டிங்கை 2 ஆக்குவது நியாயமான சமரசம். கமிட்டின்போது லாக் இயங்குதளத்துக்குப் போய்விடும். வட்டில் உறுதியாக்குவது மட்டும் நொடிக்கு ஒருமுறை நடக்கும். மைஎஸ்கியூஎல் மட்டும் விழுந்தால் இழப்பில்லை. மின்சாரம் போனால் கடைசி ஒரு நொடி போகும். மூலக் கோப்பு கையில் இருக்கும்போது அந்த ஒரு நொடி பெரிய இழப்பில்லை. ஆனால் இது சர்வர் முழுமைக்குமான செட்டிங். அதே சர்வரில் வேறு டேட்டாபேஸ்களில் பண வரவுசெலவு ஓடிக்கொண்டிருந்தால் அவற்றுக்கும் அந்த ஒரு நொடி ஆபத்து உண்டு; அங்கே இதைச் செய்யக்கூடாது. மாற்றும்போது செட் குளோபல் என்று கொடுங்கள், செட் பெர்சிஸ்ட் வேண்டாம். மறந்துபோனாலும் அடுத்த ரீஸ்டார்ட்டில் பழைய மதிப்பு திரும்பிவிடும்.

பைனரி லாகையும் கவனிக்க வேண்டும். 8.0 முதல் இது இயல்பாகவே இயங்குகிறது. சிங்க்_பின்லாக் 1 என்பதால் அதற்கும் தனி உறுதி எழுத்து. அதைவிடப் பெரிய தொல்லை இடம். ஏற்றும் ஒவ்வொரு பதிவும் பைனரி லாகிலும் முழுதாகப் பதிவாகி, இயல்பான அமைப்பில் 30 நாள் தங்கும். 100 ஜிபி தரவை ஏற்றினால் வட்டில் 200 ஜிபிக்கு மேல் போய், நள்ளிரவில் இடமில்லாமல் நிற்கும். கிளையன்டின் இனிட்-கமாண்ட் விருப்பத்தில் எஸ்கியூஎல்_லாக்_பின் 0 என்று கொடுத்தால் அந்த இணைப்புக்கு மட்டும் அணையும். ரெப்ளிகா (இந்தச் சர்வரைப் பின்பற்றும் நகல் சர்வர்) இருந்தால் இந்தத் தரவு அதற்குப் போகாது என்பதை யோசித்துச் செய்யுங்கள். மரியாடிபியில் பைனரி லாக் இயல்பாக அணைந்தே இருக்கும்.

பெரும் நேரத்தைத் தின்பவை துணை இண்டெக்ஸ்கள்

கமிட் விஷயம் சரியாக இருந்தும் பெரிய கோப்புகள் இழுத்தால், குற்றவாளி பெரும்பாலும் இண்டெக்ஸ்தான். இதை விளக்க, யாரும் இறக்கிப் பார்க்கக்கூடிய ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. விக்கிமீடியா அறக்கட்டளை தன் விக்கிகளின் அட்டவணைகளை ஜிசிப் செய்த எஸ்கியூஎல் கோப்புகளாக, அட்டவணைக்கு ஒரு கோப்பு என்று தொடர்ந்து வெளியிடுகிறது. தமிழ் விக்கிப்பீடியாவின் கோப்புகள் டாவிக்கி என்ற முன்னொட்டோடு கிடைக்கும். கட்டுரைகளின் உரை எக்ஸ்எம்எல்லில் தனியே வரும். பக்கப் பெயர்கள், பகுப்புகள், இணைப்புகள் போன்றவை எஸ்கியூஎல்லில். இவற்றில் ஏற்றுவோரைக் களைப்படைய வைப்பது பேஜ்லிங்க்ஸ் அட்டவணை.

பேஜ்லிங்க்ஸ் மெலிந்த அட்டவணைதான். எந்தப் பக்கத்திலிருந்து, அந்தப் பக்கம் எந்தப் பெயர்வெளியில் (கட்டுரை, பேச்சு போன்ற பக்க வகை) இருக்கிறது, எந்த இலக்குக்கு என்று மூன்றே பத்திகள் (column), மூன்றும் எண்கள். முதன்மைச் சாவி: மூலப் பக்கம், இலக்கு என்ற வரிசை. ஒரு துணை இண்டெக்ஸ்: இலக்கு, மூலம். மற்றொன்று: பெயர்வெளி, இலக்கு, மூலம். கோப்பில் பதிவுகள் மூலப் பக்கத்தின் வரிசையில் வருவதால் முதன்மைச் சாவியின் மரத்தில் எல்லாம் கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளும். அது வேகமான வேலை. துணை இண்டெக்ஸ்களில் நிலைமை வேறு. தஞ்சாவூர் பற்றிய ஒரு பக்கத்திலிருந்து சோழர், காவிரி, யுனெஸ்கோ, இந்திய இரயில்வே என்று நாலாபக்கமும் இணைப்புகள் போகும். ஒவ்வொன்றும் மரத்தின் வெவ்வேறு மூலையில், வெவ்வேறு 16 கேபி பக்கத்தில் செருகப்பட வேண்டும். இரண்டு துணை இண்டெக்ஸ் என்றால் ஒரு பதிவுக்கு இரண்டு தாறுமாறான தொடுகை.

அந்தப் பக்கங்கள் எல்லாம் பஃபர் பூலில் (இன்னோடிபி ரேமில் பக்கங்களை வைத்திருக்கும் இடம்) இருக்கும்வரை பிரச்சினை இல்லை. அடங்காமல் போன கணத்திலிருந்து, ஒரு பதிவைச் செருக வட்டிலிருந்து ஒரு பக்கத்தை வாசித்து, அதற்கு இடம்விட இன்னொரு பக்கத்தை எழுதி வெளியேற்ற வேண்டும். தொடக்கத்தில் வேகம், பிறகு தேய்வு என்ற வடிவத்தின் காரணம் இதுதான். இந்த அடியைத் தாங்க இன்னோடிபியில் சேஞ்ச் பஃபர் என்ற ஏற்பாடு இருந்தது: தனித்துவம் கோராத இண்டெக்ஸ்களுக்கான செருகல்களைச் சேர்த்துவைத்துப் பிறகு எழுதும். மைஎஸ்கியூஎல் 8.4-ல் அது இயல்பாக அணைக்கப்பட்டுவிட்டது, மரியாடிபி 11.0-ல் நீக்கியேவிட்டார்கள். புதிய பதிப்புக்கு மாறிய பிறகு பழைய கோப்பு முன்பைவிட மெதுவாக ஏறினால் இதையும் சந்தேகிக்கலாம்.

தீர்வு: துணை இண்டெக்ஸ் இல்லாமல் தரவை ஏற்றி, கடைசியில் இண்டெக்ஸ்களைக் கட்டுவது. ஆயிரம் விடைத்தாள்களை வரவர ஒவ்வொன்றாகப் பதிவெண் வரிசையில் செருகுவதைவிட, எல்லாம் வந்த பிறகு ஒரே மூச்சில் அடுக்குவது எளிது. 5.7 பதிப்பிலிருந்து, அட்டவணையின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள் கட்டளை இப்படித்தான் இண்டெக்ஸ் கட்டுகிறது: அட்டவணையை வாசித்து, சாவிகளை வரிசைப்படுத்தி, மரத்தை அடியிலிருந்து நிரப்பியபடி மேலே போகும். அந்த நேரத்தில் ரீடூ லாகும் எழுதாது. முடிவில் ஒரு செக்பாயின்ட் போட்டு, அதாவது மாறிய பக்கங்களை வட்டுக்குத் தள்ளி, உறுதியாக்கும்.

மைஎஸ்கியூஎல்டம்ப் கோப்பில் ‘ஆல்டர் டேபிள் டிஸேபிள் கீஸ்’ என்ற வரி இருக்கிறதே, அது இதைத்தானே செய்கிறது என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அந்த வரி மைஐசாம் என்ற பழைய எஞ்சினின் அட்டவணைகளுக்கானது. இன்னோடிபி அதைக் கண்டுகொள்வதில்லை.

செய்முறை இப்படி. பேக்கப்பை நீங்களே எடுப்பதாக இருந்தால் நோ-டேட்டா விருப்பத்தோடு அமைப்பை ஒரு கோப்பிலும், நோ-கிரியேட்-இன்ஃபோ விருப்பத்தோடு தரவை இன்னொரு கோப்பிலும் எடுங்கள். தரவுக் கோப்பை எடுக்கும்போது ஸ்கிப்-டிரிகர்ஸ் விருப்பத்தையும் சேர்த்தால் டிரிகர்கள் (பதிவு மாறும்போது தானே ஓடும் நிரல்கள்) இரண்டு கோப்பிலும் வந்து முட்டிக்கொள்ளாது. அமைப்புக் கோப்பில் இருக்கும் டிரிகர்களைத் தரவு ஏறிய பிறகுதான் உருவாக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு இன்சர்ட்டுக்கும் அவை ஓடும்.

விக்கிமீடியா கோப்பைப் போல ஒற்றைக் கோப்புதான் கையில் என்றால், செட் (sed) என்ற லினக்ஸ் கருவியே போதும். ‘லாக் டேபிள்ஸ்’ (LOCK TABLES) என்று தொடங்கும் வரி வந்ததும் நிறுத்தச் சொன்னால் அமைப்பு மட்டும் கிடைக்கும். அதை ஏற்றி, துணை இண்டெக்ஸ்களை டிராப் செய்யுங்கள். பிறகு ‘டிராப் டேபிள்’ என்று தொடங்கும் வரியிலிருந்து ‘லாக் டேபிள்ஸ்’ வரி வரை நீக்கிவிட்டு மிச்சத்தை ஏற்றுங்கள். கோப்பின் தலைப்பகுதியை வெட்டிவிடாதீர்கள். அங்கே சேமித்த பழைய மதிப்புகளைத்தான் கோப்பின் கடைசி வரிகள் திரும்ப வைக்கின்றன. தலைப்பகுதி இல்லாவிட்டால் ‘மாறியை நல் ஆக வைக்க முடியாது’ என்ற பிழையோடு நிற்கும். கருவியை ஓட்டும் முன் எல்சி_ஆல் மாறியை சி என்று வைத்துக்கொண்டால் பைட்டுகளைச் சிதைக்காமல், வேகமாகவும் ஓடும்.

முதன்மைச் சாவியைத் தொடாதீர்கள். அது இல்லாமல் ஏற்றிப் பிறகு சேர்த்தால் மொத்த அட்டவணையும் மறுபடி கட்டப்படும். ஆட்டோ_இன்கிரிமென்ட் பத்தியின் இண்டெக்ஸையும் எடுக்க முடியாது. ஃபாரின் கீ (வேறோர் அட்டவணையின் சாவியைச் சுட்டும் இணைப்பு) நம்பியிருக்கும் இண்டெக்ஸை எடுக்க வேண்டுமானால் ஃபாரின் கீயையே கடைசிக்குத் தள்ள வேண்டும்.

திரும்பக் கட்டும்போது ஓர் அட்டவணையின் எல்லா இண்டெக்ஸ்களையும் ஒரே ஆல்டர் கட்டளையில் கொடுத்தால் அட்டவணையை ஒருமுறை வாசித்தால் போதும். ஃபுல்டெக்ஸ்ட் இண்டெக்ஸ் மட்டும் ஒரு நேரத்தில் ஒன்றுதான். 8.0.27 முதல் இன்னோடிபி_டிடிஎல்_பஃபர்_சைஸ், இன்னோடிபி_டிடிஎல்_த்ரெட்ஸ் என்ற இரண்டு செட்டிங்குகள் இந்த வேலைக்கென்றே இருக்கின்றன. முதலாவது இயல்பில் வெறும் 1 எம்பி! ரேம் இருந்தால் 1 ஜிபிக்கு உயர்த்துங்கள். இரண்டாவது இயல்பில் 4. வரிசைப்படுத்தும் தற்காலிகக் கோப்புகள் டெம்ப் அடைவில் உருவாகும்; பல லினக்ஸ் அமைப்புகளில் அது ரேமிலேயே இருக்கும் சிறிய இடம். இண்டெக்ஸ் பாதியில் ‘இடமில்லை’ என்று விழுந்தால், இன்னோடிபி_டெம்ப்டிர் செட்டிங்கைப் பெரிய வட்டுக்குத் திருப்புங்கள்.

மரியாடிபி 10.7 முதல் இதில் ஒரு வசதி உண்டு: அட்டவணை வெறுமையாக இருந்து, யுனீக்_செக்ஸ், ஃபாரின்_கீ_செக்ஸ் இரண்டும் அணைந்திருந்தால், முதல் டிரான்சாக்‌ஷனில் செருகுவதை அதுவே சேர்த்து வரிசைப்படுத்தி இண்டெக்ஸ்களை மொத்தமாகக் கட்டுகிறது. ஆட்டோகமிட் இயங்கினால் இந்தச் சலுகை முதல் இன்சர்ட்டோடு முடிந்துவிடும். அதனால் மரியாடிபியில் மட்டும், நோ-ஆட்டோகமிட் விருப்பத்தோடு எடுத்த கோப்பு உண்மையாகவே பெரிய வித்தியாசம் காட்டும்.

ரேமும் ரீடூ லாகும்

இன்னோடிபி_பஃபர்_பூல்_சைஸ் இயல்பில் 128 எம்பி. டேட்டாபேஸுக்கென்றே ஒதுக்கிய சர்வரில் ரேமின் 70 முதல் 80 விழுக்காடு வரை கொடுக்கலாம்; ரீஸ்டார்ட் தேவையில்லை. பலரும் மடிக்கணினியில் பயன்படுத்தும் சாம்ப் (XAMPP) தொகுப்பில் இது பல பதிப்புகளில் வெறும் 16 எம்பி, ரீடூ லாக் 5 எம்பி, ஒரு கட்டளைக்கான அளவு வரம்பான மேக்ஸ்_அலவுட்_பாக்கெட் 1 எம்பி. 16 ஜிபி ரேம் உள்ள கணினியில் 500 எம்பி கோப்பு மணிக்கணக்கில் இழுத்தால் முதலில் அந்த மை.ஐஎன்ஐ கோப்பைத் திறந்து பாருங்கள்.

ரீடூ லாகின் கொள்ளளவு 8.0.30-க்கு முன் இரண்டு கோப்புகளாக 96 எம்பி. அதற்குப் பின் இன்னோடிபி_ரீடூ_லாக்_கெபாசிட்டி என்ற பெயரில் 100 எம்பி. இடைவிடாது ஏற்றும்போது இது சில நொடிகளில் நிரம்பும். நிரம்பினால் பஃபர் பூலில் உள்ள மாறிய பக்கங்களை அவசரமாக வட்டுக்குத் தள்ளும்வரை எல்லாம் நிற்கும். பாய்ச்சல், உறைவு, பாய்ச்சல் என்ற வடிவம் இதுதான். ஷோ எஞ்சின் இன்னோடிபி ஸ்டேட்டஸ் காட்டும் லாக் சீக்வென்ஸ் எண்ணிலிருந்து கடைசி செக்பாயின்ட் எண்ணைக் கழியுங்கள். விடை கொள்ளளவை நெருங்கிக்கொண்டே இருந்தால் சந்தேகமே வேண்டாம். 4 அல்லது 8 ஜிபி கொடுங்கள். 8.0.30 முதல் ஓடும்போதே மாற்றலாம். எஸ்எஸ்டி வட்டில் இன்னோடிபி_ஐஓ_கெபாசிட்டியும் 200-லேயே நின்றால் 2,000-க்கு மேல் ஏற்றுங்கள்; 8.4-ல் அதன் இயல்பு மதிப்பே 10,000.

இன்னும் தூரம் போக விரும்புவோருக்கு 8.0.21-ல் ஒரு கட்டளை வந்தது: ஆல்டர் இன்ஸ்டன்ஸ் டிஸேபிள் இன்னோடிபி ரீடூ_லாக். ரீடூ லாகும், பக்கத்தை இரண்டு முறை எழுதும் ஏற்பாடும் சேர்ந்தே அணையும். வேகம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அந்த நிலையில் சர்வர் எதிர்பாராமல் நின்றால் மறுபடி எழாது. தரவு அடைவை அழித்துப் புதிதாகத் தொடங்க வேண்டும். வேறு எந்தத் தரவும் இல்லாத, புத்தம் புதிய சர்வரில் மட்டுமே இதைத் தொடுங்கள்.

ஒரே த்ரெட்டிலிருந்து பல த்ரெட்டுக்கு

மேலே சொன்ன அனைத்தும் முடிந்த பிறகு ஒரு கோர் மட்டும் திணறும் நிலை வரும். அதுவே நல்ல அறிகுறி. இனி இணையாக ஏற்றுவதுதான் வழி. விக்கிமீடியா கோப்புகள் ஏற்கனவே அட்டவணைவாரியாக இருப்பதால், எக்ஸ்ஆர்க்ஸ் கட்டளையில் நான்கு கிளையன்டுகளை ஒரே நேரத்தில் ஓட்டலாம். பெரிய கோப்பை முதலில் தொடங்குங்கள். பேஜ்லிங்க்ஸ் கடைசியில் வந்தால் மற்ற மூன்று கிளையன்டுகளும் வேலையின்றி நிற்கும். ஒற்றைப் பெரிய கோப்பாக இருந்தால் ‘டேபிள் ஸ்ட்ரக்சர் ஃபார் டேபிள்’ என்ற குறிப்பு வரிகளை அடையாளமாக வைத்து வெட்டலாம். ஒவ்வொரு துண்டுக்கும் தலைப்பகுதி வரிகளைத் திரும்பச் சேர்க்க வேண்டும்.

அடுத்த பேக்கப்பிலிருந்து கருவியை மாற்றுவது இன்னும் நல்லது. மைஎஸ்கியூஎல் ஷெல்லின் டம்ப், லோட் வசதிகள் அட்டவணையையே துண்டுகளாக்கி, பல த்ரெட்டுகளில் எடுத்து, ஏற்றும்போது லோட் டேட்டா கட்டளை வழியாகச் செலுத்தும். உரைக் கோப்பிலிருந்து லோட் டேட்டா வழியாக ஏற்றுவது இன்சர்ட்டைவிடப் பொதுவாக 20 மடங்கு வேகம் என்று மைஎஸ்கியூஎல் கையேடே சொல்கிறது. இயல்பில் 4 த்ரெட்டுகள். சர்வரில் லோக்கல்_இன்ஃபைல் இயங்க வேண்டும். டிஃபர்டேபிள்இண்டெக்ஸஸ் விருப்பத்துக்கு ஆல் என்று கொடுத்தால், மேலே கையால் செய்த இண்டெக்ஸ் வேலை அத்தனையையும் அதுவே செய்யும். இடையில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இரவில் ஓடவிடுவோருக்கு இதுவே பெரிய நிம்மதி. பழைய மைஎஸ்கியூஎல்டம்ப் கோப்பை இதனால் ஏற்ற முடியாது. மரியாடிபிக்கு மைடம்பர், மைலோடர் இணை பொருந்தும்.

டேட்டாபேஸ் நூற்றுக்கணக்கான ஜிபியை எட்டிவிட்டால் எஸ்கியூஎல் கோப்பாக எடுப்பதையே விட்டுவிட்டு எக்ஸ்ட்ராபேக்கப், மரியாபேக்கப், அல்லது 8.0.17-ல் வந்த குளோன் பிளகினுக்குப் போவது சரி. அவை இண்டெக்ஸ் உட்பட இன்னோடிபி கோப்புகளையே நகலெடுப்பதால் மீட்பது வட்டின் வேகத்தில் நடக்கும். பதிப்புகள் ஒத்திருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு மட்டும் உண்டு.

கிளையன்ட் பக்கத்துச் சிக்கல்கள்

பிஎச்பிமைஅட்மின் என்ற உலாவிக் கருவி வழியாகப் பெரிய கோப்பை ஏற்றுவது வேகப் பிரச்சினை மட்டுமில்லை. பிஎச்பியின் இயல்பில் பதிவேற்ற வரம்பு 2 எம்பி, போஸ்ட் வரம்பு 8 எம்பி, ஓட்ட நேரம் 30 நொடி. வரம்புகளை உயர்த்திக்கொண்டே போவதைவிடக் கட்டளைவரியில் ஏற்றிவிடலாம். விண்டோஸ் பவர்ஷெல்லில் உள்ளீட்டைத் திருப்பும் குறி வேலை செய்யாது. பழைய பவர்ஷெல்லில் வெளியீட்டுக் குறியால் எடுத்த பேக்கப் யுடிஎஃப்-16 கோப்பாகி, ஏற்றவே முடியாமல் போகும். எடுக்கும்போது ரிசல்ட்-ஃபைல் விருப்பத்தைப் பயன்படுத்துங்கள். ஏற்றும்போது கிளையன்டுக்குள் சோர்ஸ் கட்டளையைக் கொடுங்கள்.

‘சர்வர் ஹாஸ் கான் அவே’ என்று பாதியில் நின்றால் மேக்ஸ்_அலவுட்_பாக்கெட்டைச் சர்வரிலும் கிளையன்டிலும் உயர்த்த வேண்டும். சர்வரின் இயல்பு 64 எம்பி, கிளையன்டின் இயல்பு 16 எம்பி, உச்சவரம்பு 1 ஜிபி. சர்வரில் மட்டும் மாற்றிவிட்டு ஏன் சரியாகவில்லை என்று தேடுவது வழக்கம்.

தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக வந்துவிட்டால் ஏற்றிய மணிநேரங்கள் எல்லாம் வீண். டிஃபால்ட்-கேரக்டர்-செட் விருப்பத்தில் யுடிஎஃப்8எம்பி4 என்று வெளிப்படையாகக் கொடுங்கள். வழக்கமான தமிழ் எழுத்துகள் மூன்று பைட்டில் அடங்கும். எமோஜிகளுக்கும், 2019-ல் யூனிகோடில் சேர்ந்த பழந்தமிழ்ப் பின்னக் குறிகளுக்கும் நான்கு பைட் வேண்டும். முதலில் சில ஆயிரம் வரிகளை மட்டும் ஏற்றி ஒரு தமிழ் உரையை வாசித்துப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

அதேபோல, தொடங்கும் முன் ஜிசிப்பின் டி விருப்பத்தால் கோப்பைச் சோதியுங்கள். கடைசி வரி ‘டம்ப் கம்ப்ளீட்டட்’ என்று முடிகிறதா பாருங்கள். அந்த வரி இல்லாவிட்டால் பேக்கப் பாதியில் அறுந்திருக்கலாம். குறிப்பு வரிகள் வேண்டாம் என்று சொல்லி எடுத்திருந்தால் மட்டும் அது இயல்பு.

ஏறி முடிந்த பிறகு

ஃபாரின்_கீ_செக்ஸை மறுபடி இயக்குவதால், அணைந்திருந்தபோது ஏறிய பதிவுகளை இன்னோடிபி சோதித்துவிடாது. தாய் அட்டவணையில் இல்லாத சாவியைச் சுட்டும் பதிவுகள் சத்தமின்றித் தங்கிவிடும். கோப்பைப் பிசைந்து துண்டாக்கி ஏற்றியிருந்தால், ஒவ்வொரு ஃபாரின் கீக்கும் ஒரு லெஃப்ட் ஜாயின் போட்டு அநாதைப் பதிவுகளைத் தேடுங்கள். பதிவுகளின் எண்ணிக்கையைக் கவுன்ட் கொடுத்து மூலச் சர்வரோடு ஒப்பிடுங்கள்; ஷோ டேபிள் ஸ்டேட்டஸ் காட்டும் எண் தோராயம், அதை நம்பக்கூடாது.

பெரிய அட்டவணைகளுக்கு அனலைஸ் டேபிள் ஓட்டுங்கள். இதைத் தவறவிட்டால் ஆப்டிமைசர் தவறான இண்டெக்ஸைத் தேர்ந்தெடுத்து, முதல் நாள் முழுவதும் குவெரிகள் காரணமின்றி மெதுவாக இருப்பதாகத் தோன்றலாம். ஃப்ளஷ் செட்டிங் 1-க்குத் திரும்பியதா, இன்னோடிபி_ரீடூ_லாக்_எனேபிள்டு என்ற ஸ்டேட்டஸ் ஆன் என்று காட்டுகிறதா என்று பார்த்த பிறகே அப்ளிகேஷனை இணையுங்கள். பைனரி லாகை அணைத்து ஏற்றியிருந்தால் பழைய பேக்கப்பையும் பைனரி லாகையும் சேர்த்து இன்றைய நிலைக்கு மீட்க முடியாது. அப்ளிகேஷனைத் திறந்துவிடும் முன் புதிய முழு பேக்கப் ஒன்றை எடுத்துவிடுங்கள், இம்முறை பல த்ரெட்டுகளில் ஏற்றக்கூடிய வடிவில்.